ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

பொத்தாம் பொதுவாகச் சொல்லப்படும் வைத்தியக் குறிப்புகள் மீது எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். இந்த வாரம் அதைக் கிளறிவிட்டது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு தகவல். ஒற்றைத் தலைவலிக்கு மருந்தே வேண்டாமாம், தினம் ஒரு பி காம்ப்ளெக்ஸ் போதுமாம். பல வருஷமாக மைக்ரேனோடு மல்லாடும் என் சித்தி மகள் அதைப் பார்த்துவிட்டு போன் செய்தாள். “அக்கா, நெஜமாவா? டாக்டர் எழுதிக் குடுத்ததை நிறுத்திடட்டுமா?” நிறுத்தவே நிறுத்தாதே என்று பதறிப்போய்ச் சொன்னேன்.

அந்தத் தகவலில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து. பி2 எனப்படும் ரைபோஃபிளேவின் மைக்ரேனைக் குறைக்கும் என்பதற்குச் சான்று உண்டு. பெல்ஜிய நரம்பியல் மருத்துவர் ஷூனென் தலைமையில் 55 பேரிடம் மூன்று மாதம் நடந்த ஆய்வு 1998-ல் வெளியானது. தினம் 400 மில்லிகிராம் பி2 சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்குத் தலைவலி பாதியோ அதற்கும் மேலோ குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் அப்படி. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருவது. அந்த 400-ஐக் கவனியுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சாதாரண பி காம்ப்ளெக்ஸில் பி2 பெரும்பாலும் 10 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். அதற்காகக் கைநிறைய விழுங்கவும் கூடாது. கூடவே உள்ளே போகும் பி6 அளவு மீறினால் நரம்பையே கெடுத்துவிடும். டாக்டரைக் கேட்டு பி2-ஐத் தனியாக எடுக்க வேண்டும், பலன் தெரிய மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

இவ்வளவும் சொல்லி முடித்தும் எனக்கு மனசு ஆறவில்லை. மைக்ரேனுக்கு வைத்தியம் சொல்ல ஊரே இருக்கிறது. முந்தின நாளே கொட்டாவி வருகிறதா, இனிப்புக்கு மனசு அலைகிறதா, தாளிக்கிற வாசனை குமட்டுகிறதா, டியூப் லைட் கண்ணைக் குத்துகிறதா என்று வலிப்பவளிடம் கேட்கத்தான் ஆளில்லை.

அப்படிக் கேட்டவர் நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸ். அவரைப் பற்றி இங்கே முன்பும் எழுதியிருக்கிறேன், இன்னொரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள். 1970-ல் வந்த ‘மைக்ரேன்’தான் அவருடைய முதல் புத்தகம். நியூயார்க்கில் ஒரு தலைவலி கிளினிக்கில் அவர் பார்த்த நோயாளிகள் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்கள். சாக்ஸுக்கே சின்ன வயதிலிருந்து மைக்ரேன் உண்டு. மூன்று நான்கு வயதில் தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது, கண் கூசும் ஒரு வெளிச்சம் பக்கத்தில் தோன்றி, வளைந்து பெரிதாகி, ஓரமெல்லாம் கோணல்மாணலாக மின்னியது. கொஞ்ச நேரம் ஒரு பக்கம் பார்வையே இல்லை. பயந்துபோய் அம்மாவிடம் ஓடினான் பையன். அம்மா டாக்டர், அவருக்கும் மைக்ரேன் உண்டு. ஒன்றுமில்லை போ என்று விரட்டாமல், அது என்னவென்று அந்தக் குழந்தைக்கு விளக்கிச் சொன்னார்.

அந்தப் புத்தகத்தில் வரும் கணித அறிஞர் ஒருவரை என்னால் மறக்கவே முடியவில்லை. வாரத்தின் நடுவில் அவருக்கு எரிச்சல் தொடங்கும், சனிக்கிழமை தாங்க முடியாது, ஞாயிறு முழுக்க மைக்ரேன். சாயங்காலம் வியர்த்துக் கொட்டி, நிறையச் சிறுநீர் பிரிந்து வலி விலகும். உடனே மனசு தெளிந்து கணக்குகள் வந்து குவியும், அடுத்த இரண்டு மூன்று நாளும் அந்த ஓட்டம்தான். சாக்ஸ் மருந்து கொடுத்தார். மைக்ரேன் போனது, கணிதமும் கூடவே போய்விட்டது. மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து அவருடைய வாரம் எப்படிப் போகிறது என்று கேட்டிருக்காவிட்டால், இப்படி ஒரு முடிச்சு இருப்பதே வெளியே தெரிந்திருக்காது. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம், எங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஓபி வரிசையில் நின்று இரண்டே நிமிஷத்தில் சீட்டோடு வெளியே வரும் பெண்களை நினைத்துக்கொள்கிறேன். உட்காரவைத்துக் கேட்டால் அவர்களிடம் சொல்வதற்கு எவ்வளவு இருக்கும்!