இறுக்கம் என்னும் மயக்கம்

‘இறுக்கம்’ என்ற சொல்லை நம்முடைய விமர்சன மரபு பெரும்பாலும் பாராட்டாகவே ஆண்டு வந்திருக்கிறது. இறுக்கமான நடை, இறுக்கமான கட்டமைப்பு என்று எழுதிவிட்டால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படுவதில்லை. இதே சொல் இன்னோர் உலகத்திலும் இதே மயக்கத்தோடு உலவுகிறது. வேகக் கார்களைப் பந்தயத் தடத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்பவர்களின் உலகம் அது. அங்கே சஸ்பென்ஷனை இறுக்கியாகிவிட்டது என்றால் கார் மேம்பட்டுவிட்டது என்று பொருள். இலக்கியத்தில் இந்த மயக்கத்தின் விலை அதிகம் போனால் ஒரு வறண்ட சிறுகதை. காரில் அப்படி அல்ல என்பதால் அதைப் பற்றி இங்கே பேசலாம் என்று நினைக்கிறோம்.

டிராக் டே என்பது பந்தயம் அல்ல. அன்றாடம் சாலையில் ஓட்டும் சொந்தக் காரை, கட்டணம் செலுத்திப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். பரிசு இல்லை, முதலிடம் இல்லை. ஜெர்மனியில் 1927இல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங்கின் 20.8 கிலோமீட்டர் வடக்கு வளையத்தில் பொதுமக்கள் தங்கள் கார்களை ஓட்டுவது நெடுநாள் வழக்கம். நம் பக்கத்தில், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம் முடிந்து, 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரத் தடம் உருவானது. காலையில் அங்கே சொந்தக் காரில் சுற்றியவர் மாலையில் அதே காரில் பெங்களூர் நெடுஞ்சாலை வழியாக வீடு திரும்புகிறார். எங்கள் வாதம் முழுவதும் இந்த ஒரு செய்தியைச் சுற்றித்தான் நிற்கிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். முதலில் காரைத் தாழ்த்தும் கடினமான சுருள்வில்கள் வாங்கப்படுகின்றன. பிறகு தடித்த ஆன்டி ரோல் பார். கார் இரண்டு விரற்கடை தாழ்ந்து அழகாக நிற்கிறது. வளைவில் முன்போல் சாய்வதும் இல்லை. சாய்வு குறைந்ததால் பிடிமானம் கூடிவிட்டது என்று உரிமையாளர் நம்புகிறார். சாய்வு கண்ணுக்குத் தெரியும், பிடிமானம் தெரியாது. தெரிவதைத் திருத்திவிட்டு, தெரியாததையும் திருத்திவிட்டதாக எண்ணிக்கொள்வதே இந்த மயக்கத்தின் வேர்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காரின் எடை 1100 கிலோ, அதன் ஈர்ப்பு மையத்தின் உயரம் அரை மீட்டர், இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் ஒன்றரை மீட்டர் என்று கொள்வோம். புவியீர்ப்பில் 0.9 பங்கு விசையோடு வளைவில் திரும்பும்போது, உட்பக்கச் சக்கரங்களிலிருந்து ஏறத்தாழ 330 கிலோ பளு வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு இடம்பெயர்கிறது. காரை 25 மில்லிமீட்டர் தாழ்த்தினால் இந்த 330, சுமார் 314 ஆகிறது. ஆதாயம் 16 கிலோ, அவ்வளவுதான். சுருள்வில் எத்தனை கடினமானாலும் இந்தத் தொகை பெரிதாக மாறாது. பளு எவ்வளவு பெயரும் என்பதை முடிவுசெய்வது உயரமும் அகலமும் எடையும் வளைவின் விசையுமே. ஆன்டி ரோல் பார் செய்வதெல்லாம் பெயரும் பளுவில் முன்சக்கரங்களின் பங்கு எவ்வளவு, பின்சக்கரங்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதுதான்.

இந்தப் பிரிவினை முக்கியமானது. டயர் ஒரு விசித்திரமான ஊழியன். அதன்மேல் இரு மடங்கு பளுவை ஏற்றினால் இரு மடங்கு பிடிமானம் தராது. அதைவிடக் குறைவாகவே தரும். ஆகவே எந்த முனையில் பாரைத் தடிப்பாக்குகிறோமோ அந்த முனையின் மொத்தப் பிடிமானம் குறைகிறது. பின்பக்கம் தடித்த பார் பொருத்திய கார் தடத்தில் சுறுசுறுப்பாகத் திரும்புவதாகத் தோன்றுவது, முன்பக்கம் ஏதோ பெற்றதால் மட்டும் அல்ல. பின்பக்கம் எதையோ இழந்ததாலும்தான்.

மேடு பள்ளமுள்ள தரையில் இறுக்கத்தின் நட்டம் இன்னும் வெளிப்படை. காரைத் தரையோடு பிணைப்பவை உள்ளங்கை அகலமுள்ள நான்கு ரப்பர்த் துண்டுகள் மட்டுமே. அவை தரையை விட்டு எழும்பும் கணத்தில் பிடிமானம் இல்லை. சக்கரம் தரையின் போக்குக்கு ஏற்ப ஏறி இறங்க வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதே சஸ்பென்ஷன். கடினமான சுருள்வில்லைப் போட்டுவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுவைத்தால், சுருள்வில் வாங்கிய ஆற்றலைக் கரைக்க ஆளில்லாமல் கார் துள்ளுகிறது. துள்ளும் காரை வேகமான கார் என்று எண்ணுவது எளிது.

இந்த அறிவு புதிதல்ல. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் கேடிலாக்குக்குச் சென்ற மாரிஸ் ஓலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர், 1932இல் எடைகளை இடம் மாற்றிவைத்துச் சோதிக்கக்கூடிய ஒரு சோதனைக் காரை அமைத்தார். முன்பக்கச் சுருள்வில்கள் பின்பக்கத்தைவிட மென்மையாக இருந்தால் கார் சமநிலையோடு பயணம் செய்கிறது என்று அவர் கண்டார். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். தாமதமாக ஏறும் பின்பக்கம் சற்று விரைவாக அலைந்தால்தான் இரண்டும் ஒத்திசையும். மென்மை என்பது சொகுசுக்குக் கொடுக்கும் சலுகை என்று அவர் நினைக்கவில்லை. கட்டுப்பாட்டின் ஓர் உறுப்பாகவே கண்டார்.

அப்படியானால் ஃபார்முலா ஒன் கார்கள் கல்லைப் போல் இறுகியிருப்பது ஏன் என்ற கேள்வி எழும். சாதாரணக் காரின் உடல் தன் சுருள்வில்களின்மேல் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை வரை அலைகிறது. காற்றின் அழுத்தத்தால் தரையோடு ஒட்டவைக்கப்படும் பந்தயக் காரில் இது பல மடங்கு. காற்றழுத்தம் மாறாதிருக்க அடித்தட்டு தரையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். அதற்காகவே அந்த இறுக்கம். அது விரும்பி ஏற்ற குணம் அல்ல, கொடுத்த விலை. 1981இல் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம், காற்றின் சுமையை ஒரு சட்டகம் தாங்க, ஓட்டுநர் அமரும் சட்டகம் மென்மையாகத் தொங்கும்படி இரட்டைச் சட்டகக் கார் ஒன்றை உருவாக்கியது அந்த விலையிலிருந்து தப்பிக்கத்தான். லோட்டஸ் 88 என்ற அந்தக் காரைப் போட்டியிட அனுமதிக்கவில்லை என்பது வேறு கதை. நம்முடைய ஹேட்ச்பேக் கார்களின்மேல் அப்படி எந்தக் காற்றும் அமர்ந்திருப்பதில்லை.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. நம்மூர் வேகக் கார்கள் பலவற்றின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற எளிய அமைப்பில் நிற்கிறது. கார் சாயும்போது வெளிப்பக்க டயரும் கூடவே சாய்ந்து தன் ஓரத்தில் நிற்கத் தொடங்கும். அந்தச் சாய்வை ஓரளவு குறைப்பது உண்மையிலேயே உதவும். ஆனால் இதே அமைப்பை அளவுக்கு மீறித் தாழ்த்தினால் கீழ்க்கைகளின் கோணம் தலைகீழாகி, கார் உருளும் மையம் ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. சாய்க்கும் நெம்புகோல் நீள்கிறது. தாழ்த்தியதாலேயே சாயும் விருப்பம் கூடிப்போகும் இந்த முரணைக் கடைக்காரர் சொல்வதில்லை.

பின் எதைச் செய்வது? வரிசைதான் முக்கியம் என்பது எங்கள் கருத்து. முதலில் தேய்ந்த புஷ்களையும் பால் ஜாயின்ட்டுகளையும் மாற்றிக் காரைப் புதிதாக இருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிரேக் ஆயிலைப் புதுப்பிக்க வேண்டும்: டாட் 4 தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 மட்டுமே. அடுத்து நல்ல டயர். அதன் காற்றழுத்தத்தைச் சூடான நிலையில், தடத்திலிருந்து வெளியே வந்தவுடன் பார்க்க வேண்டும். அதன்பின் வீல் அலைன்மென்ட்: முன்சக்கரங்களின் தலை 2 முதல் 3 பாகை வரை உட்சாய்ந்திருந்தால், வளைவில் டயர் தன் முழு அகலத்தோடு தரையில் படியும். பிறகு தரமான ஷாக் அப்சார்பர், அதற்குப் பொருந்திய அளவான சுருள்வில். ஆன்டி ரோல் பார் கடைசியில், தேவைப்பட்டால் மட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு நிறுத்துக் கடிகாரம். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தவருக்கு எதனால் என்ன நேர்ந்தது என்று ஒருபோதும் தெரியப்போவதில்லை.

இனி, வீடு திரும்பும் அந்தச் சாலை. தயாரிப்பாளர்கள் பெரும்பாலான கார்களை எல்லை மீறும்போது மூக்கு வெளியே செல்லும்படி வேண்டுமென்றே அமைக்கிறார்கள். அஞ்சிய மனிதனின் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து தானே எழுந்துவிடும். பளு முன்னே பெயர்ந்து கார் வழிக்கு வந்துவிடும். பின்பக்கத்தை இறுக்கிய காரில் அதே அச்சம், அதே கால், வேறு விளைவு: பின்பக்கம் வெளியே வீசி எறியப்படும். தடத்தில் அதற்கு மண்வெளி உண்டு, கொடி காட்டுபவர் உண்டு, தலைக்கவசம் உண்டு. நவம்பர் மழையில் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் இருப்பவை லாரிகளும், சாலையைக் கடக்கும் ஆலைத் தொழிலாளர்களும். அவர்கள் யாரும் டிராக் டேக்குக் கட்டணம் செலுத்தியவர்கள் அல்லர். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தைத் திருத்தக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு விளக்கம் தந்ததையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

தடத்தில் ஓட்ட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சாலையில் வேகம் காட்டும் இளைஞனை அங்கே அனுப்புவது நல்லதென்றே நம்புகிறோம். ஆனால் முதல் சில முறை அவன் மாற்றப்படாத காரோடு, அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு போகட்டும். கார் என்ன சொல்கிறது என்று கேட்கப் பழகிய பிறகு ஸ்பானரைக் கையில் எடுக்கட்டும். நெகிழ வேண்டிய இடத்தில் நெகிழ்வதும் ஒரு கட்டுப்பாடுதான் என்பதை அவன் அங்கே கற்றுக்கொள்வான்.