வேலியும் பயிரும்

சென்ற மாதம், நள்ளிரவில் அன்னையாரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப் புறப்பட்டேன், கார் அசையவில்லை. மூன்று நாள் நிறுத்திவைத்த காரில், காவலுக்கென யான் பூட்டிய கமரா பற்றரியை வற்றச் செய்திருந்தது! அயலவர் காரிலேதான் உரிய வேளையிற் போய்ச் சேர்ந்தோம்.

கணக்கு எளிது, மாணவர்காள்! கமரா 0.3 அம்பியர் பெறின் ஒரு நாளில் 7.2 அம்பியர்-மணி, மூன்று நாளில் ஏறக்குறைய 22. என் பற்றரியின் கொள்ளளவோ 45. எஞ்சியது, தேய்ந்த பழம் பற்றரிக்குப் போதவில்லை.

நிறைந்த ஈய-அமிலப் பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற்றுக்குக் குறையாது காட்டும், 12.2க்கு இறங்கின் ஏறக்குறையப் பாதி தீர்ந்தது என்க. அவ்வெல்லையில் மின்னைத் துண்டிக்கும் கருவியை இடையே பொருத்துக. நெடுநாள் நிறுத்துவதாயின் கமராவை அணைத்துவிடுக. வேலி பயிரை மேய விடலாகாது.