விமானப் படிப்பு: கல்லூரியைப் பார்க்கிறோம், கற்பிப்பவரைப் பார்க்கிறோமா?

பிளஸ் டூ முடிவுகள் வந்தாலே ஏவியேஷன் படிப்பு விளம்பரங்களும் வந்துவிடுகின்றன. நெய்வேலியில் இந்த ஆர்வத்துக்குக் கூடுதல் காரணம் உண்டு. என்எல்சி நிறுவனத்தின் விமான ஓடுதளம் 2017-இல் உடான் திட்டத்தின் முதல் சுற்றிலேயே தேர்வானது. அன்று முதல் நகரியத்தில் விமானப் பேச்சு ஓயவில்லை. பிள்ளைகளின் கனவு நல்லதுதான். ஆனால், அந்தக் கனவை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதை நாம் போதுமான அளவு விசாரிப்பதில்லை.

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். பிபிஏ ஏவியேஷன், பிஎஸ்சி ஏவியேஷன் போன்றவை பல்கலைக்கழகப் பட்டங்கள். விமானம் ஓட்டவோ பழுது பார்த்துச் சான்றளிக்கவோ அவை மட்டும் போதாது. அதற்கு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வழங்கும் உரிமம் வேண்டும். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். தனித் தேர்வுகளும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு.

நெய்வேலிக் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மைனிங் பட்டம் பெற்றவரானாலும் டிஜிஎம்எஸ் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் சுரங்க மேலாளராக முடியாது. பட்டம் வேறு, பொறுப்பேற்கும் தகுதி வேறு என்பதை இந்த ஊர் அன்றாடம் பார்க்கிறது. அதே அளவுகோலை ஆசிரியர்களுக்கும் பொருத்திப் பார்க்கலாமே!

பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகப் பொதுவாக நெட், செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ கேட்கப்படுகிறது. விமானப் படிப்பு மாணவர்களோ வேறொன்றையும் எதிர்பார்க்கிறார்கள்: மழைமேகத்துக்குள் விமானத்தைச் செலுத்தியவர், ஓர் இன்ஜினைச் சோதித்துக் கையெழுத்திட்டவர், விமான நிலைய நெருக்கடியைச் சமாளித்தவர் தங்களுக்குப் பாடம் நடத்த வேண்டும் என்று. இது முனைவர் பட்டத்தை மதிக்காத போக்கு அல்ல. வடிவமைப்பு, காற்றியக்கவியல், ஆராய்ச்சி ஆகியவற்றில் ஆழ்ந்த கல்வி கட்டாயம் தேவை. இரண்டும் ஒரே துறையில் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

இதற்கு நாம் நன்கறிந்த உதாரணம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். சென்னை எம்ஐடியில் அவர் சேர சுமார் 1000 ரூபாய் தேவைப்பட்டது. சகோதரி ஜொஹரா தன் நகைகளை அடகு வைத்து உதவினார். அங்கே கலாமுக்குக் கற்பித்தவர்களில் பேராசிரியர் ஸ்பாண்டர், விமானப் பொறியியலில் நிறைந்த நடைமுறை அனுபவம் கொண்டவர். நரசிங்க ராவ் கணிதத்தில் வல்லவர். அனுபவமும் கோட்பாடும் ஒரே வகுப்பறையில் கிடைத்தன. அந்த நகைகள் வீண்போகவில்லை.

யுஜிசியும் இதை உணர்ந்திருக்கிறது. குறைந்தது 15 ஆண்டு துறை அனுபவம் உள்ளவர்களை, முனைவர் பட்டம் இல்லாவிட்டாலும், நடைமுறைப் பேராசிரியராக நியமிக்க 2022-இல் வழிசெய்தது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் இவர்கள் இருக்கக்கூடாது.

அதேசமயம், அனுபவம் மட்டும் ஒருவரை ஆசிரியராக்கிவிடாது. சிறந்த விமானி சிறந்த பயிற்றுநராக இருப்பார் என்ற உத்தரவாதமில்லை. அதனால்தான் விமானி உரிமத்துக்கு மேல் பயிற்றுநர் தகுதியை டிஜிசிஏ தனியாக வழங்குகிறது. அதிலும் உதவிப் பயிற்றுநர், பயிற்றுநர் என இரு நிலைகள் உள்ளன. உதவிப் பயிற்றுநர் மேற்பார்வையின் கீழ்தான் கற்பிக்க முடியும்.

விமானி பயிற்சிக்கான செலவு அரைக் கோடி ரூபாயைத் தொடுகிறது. வட்டிக் கடனைத் தவிர்க்க விரும்பும் நம் குடும்பங்களில் அது பெரும்பாலும் வளைகுடாவில் உழைத்த சேமிப்பு, விற்ற மனை, உம்மாவின் நகை. பணத்தைக் கட்டிய பின் விசாரித்துப் பயனில்லை.

எனவே, சேர்க்கைக்கு முன் பெற்றோர் சில கேள்விகளை நேரடியாகக் கேட்க வேண்டும். இந்தப் பாடத்தை நடத்துபவர் யார்? அவரிடம் என்ன உரிமம் உள்ளது, அது நடப்பில் உள்ளதா? எத்தனை ஆண்டுகள் துறையில் பணியாற்றினார்? அவர் நிரந்தர ஆசிரியரா, எப்போதாவது வந்துபோகும் விருந்தினரா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள்? படித்து முடித்தவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? விமானப் பள்ளி என்றால் டிஜிசிஏ 2025 அக்டோபர் முதல் வெளியிடும் தரவரிசையையும் பார்க்கலாம்.

தெளிவான பதில் தரும் நிறுவனம் நம்பிக்கைக்குரியது. கேள்வியைத் தட்டிக்கழித்து, கட்டடத்தையும் சீருடையையும் காட்டும் நிறுவனத்தைவிட்டு விலகி நிற்பதே நல்லது. ஜமாஅத்துகளும் நம் கல்வி அமைப்புகளும் வழிகாட்டி நிகழ்ச்சிகளில் படிப்புகளின் பெயர்களைச் சொல்வதோடு நிறுத்தாமல், இந்தக் கேள்விகளையும் மாணவர்களிடம் கொடுத்தனுப்பட்டும்.