கூலியில்லாத மணி நேரம் யாருடையது?

“மார்க்கெட் டல்லாக இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு இரண்டு மணி நேரம் கூட இருந்து வேலையை முடித்துக் கொடுங்கள். நிலைமை சீரானதும் பார்த்துக் கொள்ளலாம்.”

மும்பையிலும் அகமதாபாத்திலும் பெங்களூரிலும் உழைக்கும் நம் மக்களுக்கு இது பழகிப்போன பேச்சு. முதலாளி நேரில் வந்து சொல்வதில்லை. நம் ஊர் மேஸ்திரியை விட்டுத் தமிழிலேயே சொல்ல வைக்கிறார். வேலையில் சேர்த்துவிட்டவர் ஆயிற்றே என்று நாமும் தலையாட்டி விடுகிறோம்.

தலையாட்டியதன் விலை என்ன? 2020 ஏப்ரல் 17 அன்று, ஊரடங்கு வேளையில், குஜராத் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஆலைகளில் நாளுக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி வேண்டாம் என்றது. 8 மணி நேரத்துக்கு 80 ரூபாய் என்றால் 12 மணி நேரத்துக்கு 120 ரூபாய் என்று உதாரணமும் காட்டியது. அன்றிருந்த தொழிற்சாலைகள் சட்டப்படி 160 ரூபாய் வர வேண்டும். ஆக, ஒரு நாளில் 40 ரூபாய் பறிபோகிறது. 26 நாள் வேலைக்கு 1,040 ரூபாய். ஊரில் பெற்றவர்களுக்கு அனுப்பும் பணமும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் இதில்தான் கரைகின்றன.

குஜராத் மஸ்தூர் சபா சும்மா இருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2020 அக்டோபர் 1 அன்று அறிவிக்கை ரத்தாயிற்று. செய்த கூடுதல் வேலைக்குச் சட்டப்படி கூலி தர வேண்டும் என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது. சங்கம் போனது, நியாயம் கிடைத்தது.

வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது எந்த முதலாளியும் மனமிரங்கித் தந்த சலுகை அல்ல. 1946இல் தொழிலாளர் துறையைக் கவனித்த டாக்டர் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தால் சட்டமான உரிமை அது.

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. புதிய தொகுப்புகளைப் பல தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. எதிர்க்க நியாயமும் உண்டு. ஆனாலும் அதில் நம் கைக்கு உதவுவதை விட்டுவிடலாமா? கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலிக்குக் குறையக் கூடாது. சட்டம் சொன்ன காரணங்களுக்கு அன்றிக் கூலியில் பிடித்தம் கூடாது. பாக்கியை மூன்று ஆண்டுகளுக்குள் கேட்கலாம். கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியவரும் முதலாளிதான்.

ஆகவே தோழர்களே, கேட்டவுடன் தனியாகச் சம்மதம் சொல்லாதீர்கள். “எல்லோரும் பேசிவிட்டுச் சொல்கிறோம்” என்பதே முதல் பதிலாக இருக்கட்டும். வேலைக்குப் போன நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். புரியாத மொழித் தாளிலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்தும் போடாதீர்கள், கைநாட்டும் வைக்காதீர்கள்.

வேலை போய்விடுமே என்ற பயம் பொய்யான பயம் அல்ல. ஒருவன் மறுத்தால் அவனை வெளியே அனுப்புவது சுலபம். “தமிழன் மறுத்தால் பீகார்க்காரன் இருக்கிறான்” என்பார்கள். பீகார்க்காரனிடம் போய், “தமிழன் இருக்கிறான்” என்பார்கள். பக்கத்து மெஷினில் நிற்பவன் எந்த மொழி பேசினாலும் அவனுக்கும் அதே 40 ரூபாய்தான் போகிறது. அவனையும் அழைத்துக்கொண்டு, கூட்டாகக் கையெழுத்திட்ட கடிதத்தோடு போங்கள்.

உழைத்த நேரத்துக்குக் கூலி கேட்பது நன்றி கெட்டதனம் ஆகாது. அது நம் பிள்ளைகளின் சோறு.