பியானோ சோறு போடுமா?

"பாட்டு, வாத்தியம் எல்லாம் சரி. அது சோறு போடுமா?"

பிள்ளை ஒரு வாத்தியத்தின் முன்னால் உட்கார்ந்து, சாப்பாட்டை மறந்து வாசித்துக்கொண்டு இருந்தால், பெற்றோர் மனதில் இந்தக் கேள்வி எழும். சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள். சிலர் மனதுக்குள் வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவார்கள்.

இது தப்பான கேள்வி அல்ல. தன் பிள்ளை நாளைக்குப் பசியோடு நிற்கக் கூடாது என்று நினைப்பது தாய் தந்தையின் இயல்பு. ஆனால் இந்தக் கேள்விக்கு நாம் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுகிறோம். "போடாது" என்று சிலர் சொல்கிறார்கள். "பெரிய ஆளாகிவிட்டால் கொட்டோ கொட்டு என்று கொட்டும்" என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டும் சரி அல்ல.

வாத்தியத்தை நம்பி வாழும் ஒருவர் எப்படி வாழ்கிறார் என்று பார்த்துவிட்டு, அப்புறம் பதில் சொல்வோமே!

அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் விஜய் அய்யர். அமெரிக்காவில் பியானோ வாசிக்கிறார். இசை அமைக்கிறார். இந்தியாவில் இருந்து அங்கே போய்க் குடியேறிய தமிழ்த் தாய் தந்தைக்குப் பிறந்தவர்.

"இன்ன ஊரில், இன்ன தேதியில், விஜய் அய்யர் பியானோ கச்சேரி. அவருடைய புதிய இசைத்தட்டு வெளிவருகிறது." இப்படி இரண்டு வரி அறிவிப்பு வந்தால், படித்து முடிக்க அரை நிமிடம் ஆகாது. அந்த இரண்டு வரிக்குப் பின்னால் என்னென்ன இருக்கிறது? அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மூன்று வயதில் வயலின்

விஜய் அய்யர் 1971-ம் ஆண்டு, நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஆல்பனி நகரில் பிறந்தார். மூன்று வயதில் கையில் வயலினைக் கொடுத்தார்கள். பதினைந்து ஆண்டுகள் முறைப்படி மேல்நாட்டு வயலின் கற்றுக்கொண்டார்.

அப்படியானால் பியானோ எப்படி வந்தது?

அக்காள் கற்றுக்கொள்வதற்காக வீட்டில் ஒரு பியானோ இருந்தது. தம்பி சும்மா இருப்பானா? அவனும் போய்த் தட்டிப் பார்த்தான். காதில் விழுந்த பாட்டைக் கையால் தேடினான். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டான்.

பதினைந்து ஆண்டுகள் பாடம் கேட்ட வயலின் அவருக்குத் தொழில் ஆகவில்லை. விளையாட்டாகத் தட்டிப் பார்த்த பியானோதான் தொழில் ஆயிற்று!

இதனால் வயலின் பாடம் வீண் என்று நினைக்கக் கூடாது. காதையும், தாளத்தையும், தினமும் உட்கார்ந்து பழகும் பொறுமையையும் அது கொடுத்தது. பாடமும் வேண்டும், பாடம் முடிந்த பிறகு குழந்தை தன் இஷ்டப்படி தட்டிப் பார்க்கச் சிறிது நேரமும் வேண்டும். "சத்தம் போடாதே, மூடி வை" என்று சொல்லும் முன், ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள்.

படிப்பா, பாட்டா?

விஜய் அய்யர் படிப்பில் சோடை போனவர் அல்ல. யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பவுதிகமும் படித்தார். பிறகு பவுதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்குவதற்காக, கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

படித்துக்கொண்டே பியானோவும் வாசித்து வந்தார். 1994-ம் ஆண்டு ஸ்டீவ் கோல்மன், ஜார்ஜ் லூயிஸ் என்ற இரண்டு பெரிய இசைக் கலைஞர்களுடன் சேர்ந்து வேலை செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. 1995-ல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது.

அப்போது ஒரு முடிவு எடுக்கவேண்டி வந்தது. பவுதிகமா, பியானோவா?

பவுதிகத்தை விட்டார். ஆனால் படிப்பை விடவில்லை! தாளத்தை மனிதனின் உடம்பும் மனமும் எப்படி உணர்கின்றன என்பதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். 1998-ல் அதே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

பாட்டுக்காகப் படிப்பைக் குப்பையில் போடவும் இல்லை. படிப்புக்காகப் பாட்டைக் குழிதோண்டிப் புதைக்கவும் இல்லை. இரண்டையும் ஒரே வண்டியில் பூட்டினார். "இதுவா, அதுவா?" என்று பத்து வயதுப் பிள்ளையை நெருக்கும் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும்.

அவர் வாசிப்பது என்ன?

விஜய் அய்யர் வாசிப்பது பெரும்பாலும் "ஜாஸ்" என்று சொல்லப்படும் இசை. அமெரிக்காவில் அடிமைப்பட்டுக் கிடந்த கறுப்பு மக்களின் சந்ததியார் உண்டாக்கிய இசை அது.

நம் வித்வான் ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொண்டு, மேடையிலேயே கற்பனை ஸ்வரம் பாடுகிறார் அல்லவா? அதுபோல ஜாஸ் கலைஞரும் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அந்த நிமிடத்தில் தோன்றுவதை வாசிப்பார். நேற்று வாசித்தது போல இன்று இருக்காது.

தெலோனியஸ் மங்க் போன்ற கறுப்பின மேதைகளின் இசையைத் தன் வழிகாட்டியாகக் கொண்டவர் விஜய் அய்யர். அதோடு நம் கர்நாடக சங்கீதத்தின் தாளக் கணக்குகளையும் பியானோவில் கொண்டுவந்து சேர்த்தார். 2011-ல் வந்த "தீர்த்தா" என்ற இசைத்தட்டில் அவருடன் கிதார் வாசித்தவர் பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் என்ஜினீயரிங் படித்துவிட்டு, கிதாரில் கர்நாடக சங்கீதம் வாசிப்பவர் அவர். நிதின் மித்தா தபேலா வாசித்தார்.

தூக்கிச் செல்ல முடியாத வாத்தியம்

புல்லாங்குழல் வித்வான் தன் குழலைப் பையில் வைத்துக்கொண்டு புறப்படலாம். வீணையைக்கூட உறை போட்டு ரெயிலில் எடுத்துச் செல்லலாம். பியானோவை?

பெரிய கச்சேரிப் பியானோ ஏறக்குறைய ஒன்பது அடி நீளம் இருக்கும். எடை 500 கிலோ அளவுக்கு வரும். அதில் 88 கட்டைகள் உண்டு. வெள்ளை 52; கறுப்பு 36. ஒரு கட்டையை அழுத்தினால், உள்ளே கம்பளி சுற்றிய சிறு சுத்தியல் எழுந்து கம்பியை அடிக்கும். அப்படி 200-க்கும் அதிகமான கம்பிகள் உள்ளே முறுக்கிக் கட்டப்பட்டு இருக்கின்றன.

இதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகமுடியாது. ஆகவே, எந்த ஊரில் எந்த மண்டபத்தில் எந்தப் பியானோ இருக்கிறதோ, அதைத்தான் வாசிக்கவேண்டும். ஒன்றில் கட்டை கனமாக இருக்கும். இன்னொன்றில் தொட்டாலே சத்தம் துள்ளும். கச்சேரிக்கு முன்னால் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் அதன் குணத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும். புது மாட்டைப் பிடித்து, அன்றைக்கே வண்டி ஓட்டுவது போன்ற வேலை!

கேட்க வந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை. ஆனால் டிக்கெட்டின் விலையைப் பார்த்து, "இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவா?" என்று கேட்பவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கட்டும். அந்த இரண்டு மணி நேரம் மேடையில் தெரிவது மட்டும்தான்.

விதைத்தவுடன் அறுவடை இல்லை

இசைத்தட்டும் அப்படியே. இன்று வாசித்து நாளைக்குக் கடைக்கு வருவது அல்ல.

லிண்டா மே ஹான் ஓ என்ற பெண்மணி பாஸ் வாசிக்க, டைஷான் சோரி டிரம் வாசிக்க, விஜய் அய்யர் "அன்ஈசி" என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தது 2019 டிசம்பரில். அது வெளிவந்தது 2021 ஏப்ரலில்! இடையில் 2020-ல் கொரோனா வந்தது. உலகம் எங்கும் கச்சேரி மண்டபங்களைப் பூட்டினார்கள். கூட்டத்தை நம்பிப் பிழைத்த இசைக் கலைஞர்களின் பிழைப்பு ஒரே மாதத்தில் நின்றுபோயிற்று.

அதே மூவரின் அடுத்த இசைத்தட்டான "கம்பாஷன்" 2022-ல் பதிவாகி, 2024 பிப்ரவரியில் வந்தது.

சில சமயம் கச்சேரியே இசைத்தட்டு ஆகிவிடும். கிரெய்க் டாபோர்ன் என்பவரும் விஜய் அய்யரும் 2018-ல் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் இரண்டு பியானோக்களில் சேர்ந்து வாசித்தார்கள். அந்தக் கச்சேரிதான் 2019-ல் இசைத்தட்டாக வந்தது.

2025-ல் வாடாடா லியோ ஸ்மித்துடன் அவர் வாசித்த "டிபையன்ட் லைப்" வெளிவந்தது. ஸ்மித் டிரம்பெட் என்னும் ஊதுகுழல் வாசிப்பவர். 1941-ல் பிறந்தவர். எண்பது வயதைத் தாண்டிய பெரியவரும், அவரைவிட முப்பது வயது இளையவரும் சரிசமமாக உட்கார்ந்து வாசித்து இருக்கிறார்கள். இப்படி ஒரு தொழில் வேறு எங்கே இருக்கிறது?

சோறு எங்கிருந்து வருகிறது?

இப்போது நம் கேள்விக்கு வருவோம்.

விஜய் அய்யருக்கு வரும்படி ஒரே இடத்தில் இருந்து வருவது இல்லை. கச்சேரி செய்கிறார். இசைத்தட்டு வெளியிடுகிறார். மற்றவர்கள் வாசிப்பதற்காக இசை எழுதிக் கொடுக்கிறார். ஜெனிபர் கோ என்ற வயலின் கலைஞருக்காக அவர் எழுதிய "டிரபிள்" என்ற பெரிய உருப்படி, 2017-ல் முதல் முதலாக மேடை ஏறியது. 2014 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்.

2013-ல் அவருக்கு மெக்ஆர்தர் நிதி கிடைத்தது. ஐந்து ஆண்டுகளில் 6 லட்சத்து 25 ஆயிரம் டாலர்! ஆனால் அது லட்சத்தில் ஒருவருக்குக் கிடைப்பது. அதை நம்பி யாரும் பிள்ளையை வளர்க்கக் கூடாது.

நம்பவேண்டியது மற்ற நான்கையும்தான். புத்திசாலியான விவசாயி நெல்லும் போடுவான். வரப்பில் உளுந்தும் விதைப்பான். வீட்டில் ஒரு பசுவும் வைத்து இருப்பான். ஒன்று கைவிட்டால் மற்றொன்று காப்பாற்றும். இசைக் கலைஞரின் வாழ்க்கையும் அதுதான். "கச்சேரி செய்பவர் ஏன் பாடம் நடத்துகிறார்? மார்க்கெட் போய்விட்டதா?" என்று கேட்பது அறியாமை.

"எல்லோரும் விஜய் அய்யர் ஆகமுடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாது. படிக்கிறவர்கள் எல்லோரும் கலெக்டர் ஆகிறார்களா? அதற்காகப் படிப்பை நிறுத்துகிறோமா? கச்சேரி மேடை கிடைக்காதவர்கள், நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து மரியாதையாக வாழலாம். அதுவும் வாத்தியம் போட்ட சோறுதான்.

நாம் என்ன செய்கிறோம்?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது நம்மைப் பற்றியது.

இப்போது பாட்டை யாரும் கடையில் போய் வாங்குவது இல்லை. கைப்பேசியில் தட்டினால் போதும். உலகத்துப் பாட்டெல்லாம் வருகிறது. நல்லதுதான். ஆனால் ஒரு தடவை நாம் கேட்பதால், வாசித்தவர் பக்கம் போய்ச் சேருவது பெரும்பாலும் ஒரு சென்ட்கூட இல்லை. "ஸ்பாட்டிபை" நிறுவனம் 2024-ல் இருந்து, ஓர் ஆண்டில் ஆயிரம் தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குக் காசே கொடுப்பது இல்லை என்று விதி வைத்துவிட்டது. பெயர் பெற்றவர்கள் சமாளிப்பார்கள். இப்போதுதான் தலை எடுக்கும் இளைஞன் என்ன செய்வான்?

ஆகவே, "பியானோ சோறு போடுமா?" என்ற கேள்வியைப் பியானோவிடம் கேட்டுப் பயன் இல்லை. அது மரமும் கம்பியும் சேர்ந்த பெட்டி. அது யாருக்கும் சோறு போட்டது இல்லை. பியானோவைக் கேட்கிறவர்கள்தான் சோறு போடுகிறார்கள். டிக்கெட் வாங்கிக் கச்சேரிக்குப் போகிறவர்கள் போடுகிறார்கள். பிடித்த இசைத்தட்டைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் போடுகிறார்கள். பிள்ளையைப் பாடத்துக்கு அனுப்பி, மாதச் சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுக்கிறவர்கள் போடுகிறார்கள்.

சினிமாவுக்குக் குடும்பத்தோடு போகிறோம். ஓட்டலுக்குப் போகிறோம். ஆண்டுக்கு இரண்டு தடவையாவது, உயிரோடு இருந்து உழைக்கும் ஓர் இசைக் கலைஞரின் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போவோமே! அது பியானோவாக இருக்கட்டும், நாதசுரமாக இருக்கட்டும். "பாஸ் கிடைக்குமா?" என்று கேட்காமல் போவோம்.

போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். முன் வரிசையில் இடம் கிடைத்தால், வாசிப்பவரின் கைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கைதட்டல் கேட்கும் நேரம் கொஞ்சம். கை உழைக்கும் நேரம் அதிகம் என்பது அந்தப் பிள்ளைக்குத் தானாகவே புரியும்.

அதைப் பார்த்த பிறகும், "அம்மா, எனக்கு இதுதான் வேண்டும்" என்று பிள்ளை சொன்னால், பள்ளிக்கூடப் பாடத்தையும் படிக்கச் சொல்லிவிட்டு, வாத்தியத்தைத் திறந்து வையுங்கள்.