வீட்டு மின்சாரம்: நடை இயந்திரம் நின்றுவிட்டதா?



நீரிழிவுக்காகவும் காயப்பட்ட காலைப் பழக்குவதற்காகவும் வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய நடை இயந்திரங்கள் இப்போது எங்கள் பக்கத்து வீடுகளிலும் இருக்கின்றன. மின்சாதனம் திருத்துவது என் தொழில் என்பதால், அவை நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பலமுறை பெரிய பழுது எதுவும் இராது. போர்க்காலத்தில் வருடக்கணக்காகக் குப்பிவிளக்கோடு இருந்த எங்களுக்கு மின்சாரம் என்றால் பயம் இருப்பது இயல்பு. ஆனாலும் இயந்திரத்தைத் திறக்காமலே நாங்கள் பார்க்கக்கூடியவை சில உண்டு.

புதிதாக வந்த இயந்திரம் என்றால், செருகுவதற்கு முன் அதில் ஒட்டியுள்ள தகட்டை வாசியுங்கள். எங்கள் மின்சாரம் 230 வோல்ற். இங்கிலாந்து, பிரான்ஸ், சுவிஸ் ஆகியவற்றிலும் அதே அளவுதான். கனடாவில் 120 வோல்ற். 120 என்று மட்டும் போட்ட இயந்திரத்தை இங்கே நேரே செருகினால் உள்ளே எரிந்துவிடும். பிளக்கை மாற்றும் அடப்டர் வோல்ற்றைக் குறைக்காது. அதற்குத் தனியான ட்ரான்ஸ்போமர் வேண்டும். இயந்திரம் 1500 வாற் என்றால் ட்ரான்ஸ்போமர் 2000 வாற்றாவது தாங்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருந்தது நின்றால் சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே பிளக் பொயின்ற்றில் ஒரு மேசை விளக்கைச் செருகுங்கள். விளக்கும் எரியாவிட்டால் பிழை இயந்திரத்தில் இல்லை. எரிந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு 13 அம்பியர் பிளக்கினுள் இருக்கும் பியூஸைப் பாருங்கள். அடுத்து, முன்பக்கத்தில் செருகும் சிவப்புப் பாதுகாப்புத் திறப்பு சரியாக இருக்கிறதா? அது விலகினால் இயந்திரம் அசையாது. வயர் நுழையும் இடத்தில் சிறு பொத்தான் வெளியே தள்ளியிருந்தால் உள்ளே அமத்துங்கள்.

சிறிது நேரம் ஓடிப் பின் நிற்கிறதா? பட்டி காய்ந்து, மோட்டர் கஷ்டப்பட்டு அதிக மின்சாரம் இழுக்கலாம். பட்டிக்கு அடியில் சிலிக்கோன் எண்ணெய் மட்டும் பூசுங்கள். தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ வேண்டாம். 1500 வாற் இயந்திரம் ஆறரை அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் பொயின்ற்றும் மெல்லிய எக்ஸ்ரென்சன் வயரும் அதற்குத் தாங்காது.

வீட்டு ட்ரிப் சுவிச் விழுந்தால் இயந்திரத்தைக் கழற்றிவிட்டுச் சுவிச்சைத் தூக்குங்கள். அது நின்று, செருகியதும் மறுபடி விழுந்தால், மின் ஒழுக்கு இயந்திரத்தில் இருக்கலாம். அதோடு நிறுத்துங்கள். ட்ரிப் சுவிச்சைக் கட்டி வைப்பதும் எர்த் வயரை வெட்டுவதும் உயிரோடு விளையாடுவது. தொட்டால் சுள்ளென்றாலும் கருகல் மணம் வந்தாலும் அப்படியே. மூடியைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே சிறிது நேரம் மின்சாரம் தங்கி நிற்கும்.

இவ்வளவையும் பார்த்த பின் திருத்துபவரைக் கூப்பிட்டால், எது சரி, எது பிழை என்று நீங்களே அவருக்குச் சொல்லலாம். தேவையில்லாத செலவும் குறையும். இயந்திரம் திருத்தி வரும்வரை பயிற்சியை விடாதீர்கள். முற்றத்தில் மெல்ல நடந்தாலும் போதும்.