தொட்டியை மாற்றும் முன் தண்ணீரை மாற்றுங்கள்

வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கடலை வைத்துக்கொள்வது இப்போது சென்னையில் பெரிய அதிசயம் இல்லை. கொளத்தூர் பக்கம் போனால் தங்கமீனும் கப்பியும் விற்கும் கடைகளுக்கு நடுவே, சில கடைகளில் உப்புத்தண்ணீர் தொட்டிகளும் நீல வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருக்கும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் (2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' புண்ணியத்தில் குழந்தைகளுக்கெல்லாம் அது நீமோ), காற்றே இல்லாமல் ஆடும் கடல் தாமரை, ஊதா நிறப் பாறை... பார்த்தால் யாரும் மயங்கத்தான் செய்வார்கள்.

மயங்குவதில் தப்பில்லை. மயக்கம் தெளிவதற்குள் அடுத்த தொட்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதுதான் தப்பு.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர்களிடம் பேசிப் பாருங்கள். "என்ன மீன் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டால் இரண்டு வரியில் பதில் வரும். "அடுத்து என்ன வாங்கப் போறீங்க?" என்று கேட்டால் அரை மணி நேரம் ஓடும். இரண்டடித் தொட்டி நாலடி ஆகப் போகிறது, பழைய விளக்கு போய் புது எல்.ஈ.டி. வரப் போகிறது, ஸ்கிம்மர் ஒரு சைஸ் பெரிசாகப் போகிறது. இருக்கிற தொட்டியில் கடைசியாகத் தண்ணீர் மாற்றியது எப்போது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அவ்வளவு நேரம் பேசிய மனிதர் மீனைப் போலவே வாயைத் திறந்து திறந்து மூடுவார் :-)

விஷயம் ஒன்றே ஒன்றுதான். பராமரிக்கத் தெரியாதவர் அப்கிரேட் செய்யக் கூடாது. செய்தால் போகிற பணம் அவருடையது, அது அவர் பாடு. போகிற உயிர் அவருடையது இல்லை.

முதல் செலவும் மாதச் செலவும்

பி.காம். முதல் வருடத்திலேயே வரும் பாடம் இது. ஒரு தடவை செய்து பல வருடம் பலன் தரும் செலவு கேப்பிடல் எக்ஸ்பெண்டிச்சர். அதை ஓட்டுவதற்கு மாதாமாதம் செய்வது ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சர். லட்ச ரூபாய்க்கு மெஷின் வாங்கிவிட்டு எண்ணெய் போட மாட்டேன் என்கிற முதலாளியின் கம்பெனி எத்தனை நாள் ஓடும்? தொட்டி முதலாளிகள் நிறைய பேர் இந்த ரகம்தான். கண்ணாடிக்கும் விளக்குக்கும் கேட்ட விலையைக் கொடுப்பார்கள். உப்பு தீர்ந்தால் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்பார்கள்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 60 x 40 x 40 செ.மீ. தொட்டி என்றால் 96 லிட்டர். 120 x 45 x 50 செ.மீ. என்றால் 270 லிட்டர். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் சின்னதுக்கு 10 லிட்டர், பெரிசுக்கு 27 லிட்டர். கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. ஆக சின்னதுக்கு வருடம் 17, 18 கிலோ. பெரிசுக்கு 49 கிலோ. அதுவும் சமையல் உப்பு இல்லை, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சரியான விகிதத்தில் சேர்த்த தொட்டி உப்பு.

உப்பைக் கரைக்கக் குழாய்த் தண்ணீர் ஆகாது. போர் தண்ணீரில் கடினத்தன்மை, மெட்ரோ தண்ணீரில் குளோரின். ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். வீட்டு ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குச் சுமார் மூன்று லிட்டரைக் கீழே விடும். தண்ணீர் மாற்ற 27 லிட்டர், நாளைக்கு 4 லிட்டர் ஆவியாவதை ஈடுகட்ட வாரம் 28 லிட்டர், மொத்தம் 55. அதற்காகக் கழிவாகப் போவது 165 லிட்டர். 2019 ஜூனில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு, தெருமுனையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த ஊர் இது. அந்தக் கழிவுத் தண்ணீரை வீடு துடைக்கவாவது பிடித்து வைக்கும் தொட்டி முதலாளிகள் எத்தனை பேர்?

அடுத்தது ஈ.பி. பில். சென்னை வெயிலில் தொட்டித் தண்ணீரை 26 டிகிரியில் வைக்கச் சில்லர் வேண்டும். 300 வாட் சில்லர் பத்து மணி நேரம் ஓடினால் 3 யூனிட். 150 வாட் விளக்கு பத்து மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட். மோட்டார்கள் 60 வாட் என்றாலும் நாள் முழுக்க ஓடுவதால் இன்னொரு ஒன்றரை. ஆக நாளைக்கு 6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 360. ஏற்கெனவே 300 யூனிட் ஓடும் வீடு இதனால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் தமிழ்நாட்டில் வேறு கட்டண அட்டவணை. தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லாமல் அதற்குக் கீழே உள்ளதற்கும் சேர்த்துக் கூடும். கடைக்காரர் கொடுக்கும் கொட்டேஷனில் இந்த வரி இருக்காது.

அப்கிரேட் எப்படிக் கொல்கிறது

பணக் கணக்கு கிடக்கட்டும். தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அது அவ்வளவு மோசமில்லை. இந்த பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருகவே நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொட்டியின் உண்மையான மெஷின் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டம்தான். கடையில் வாங்க முடிந்ததெல்லாம் அதற்கு உதிரி பாகம்.

தொட்டி முதலாளி ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார்? பழைய தொட்டியின் மணலை அப்படியே அள்ளிப் புதுத் தொட்டியில் கொட்டுகிறார். வருடக்கணக்கில் மணலுக்கு அடியில் சேர்ந்த கழிவும், காற்றே படாத அடுக்கில் உருவான ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலக்கிறது. மீன்களும் உடனே குடியேற்றம். செவ்வாய்க்கிழமை அம்மோனியா ஏறுகிறது. வியாழக்கிழமை, "கடைக்காரன் நோய் பிடிச்ச மீனைத் தலையில கட்டிட்டான்" என்று புலம்பல்.

புது விளக்கின் கதையும் இதுதான். பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் கொடுப்பவை அவைதான். மங்கலான வெளிச்சத்துக்குப் பழகியதன் மேல் ஒரே நாளில் முழு வேகத்தில் எல்.ஈ.டி.யைப் போட்டால், தாங்காமல் பவளம் அந்தப் பாசியை வெளியே துரத்திவிடும். வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். விளக்கைக் குறைத்து வைத்து, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். ஆனால் புது விளக்கு வாங்கியவருக்கு அன்று ராத்திரியே போட்டோ எடுக்க வேண்டுமே!

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். அதனால் ஈடுகட்ட நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத்தண்ணீர் ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறும். எலும்புக்கூடு கட்டும் பவளமும், பாறையில் ஊதாவாகப் படரும் சுண்ணாம்புப் பாசியும் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் காரத்தன்மையையும் இழுத்துக்கொண்டே இருக்கும். கால்சியம் 20 பி.பி.எம். குறையும்போது காரத்தன்மை சுமார் 2.8 டி.கே.எச். குறையும். அதாவது பேங்க் பாஸ்புக் மாதிரி. வாரம் ஒரு தடவை டெஸ்ட் கிட்டை எடுத்து எண்ணைக் குறித்து வைத்தால் எது எவ்வளவு குறைகிறது என்று தெரியும். குறித்து வைப்பவர் குறைவு. பாஸ்புக்கே பார்க்காமல் செக் கிழிப்பவர்கள்தான் அதிகம்.

"பெரிய தொட்டிதான் ஈசி"

அப்கிரேட் கட்சிக்காரர்களிடம் ஒரு நல்ல வாதம் உண்டு. அதை மறைப்பது நேர்மையில்லை. தண்ணீர் அதிகம் இருந்தால் சூடும் உப்பும் மெதுவாகத்தான் மாறும், ஒரு மீன் செத்தாலும் விஷம் நீர்த்துப்போகும், அதனால் பெரிய தொட்டி நிலையானது என்பார்கள். உண்மைதான். இடம் பத்தாமல் வளரும் மீனுக்குப் பெரிய தொட்டி தேவை என்பதும் உண்மைதான்.

ஆனால் பெரிய தொட்டி தருவது கொஞ்சம் கூடுதல் நேரம் மட்டுமே. அந்த நேரத்தைக் கவனிக்கப் பயன்படுத்துபவருக்கு அது லாபம். கவனிக்காமலே இருக்கப் பயன்படுத்துபவருக்குத் தோல்வி தள்ளிப்போகும், அவ்வளவுதான். வரும்போது மூன்று மீனுக்குப் பதில் பத்து மீன் போகும். வாரம் 10 லிட்டர் பக்கெட்டைத் தூக்கச் சோம்பல் படுபவர் 27 லிட்டர் தூக்குவார் என்று நம்புவது எந்த ஊர் நியாயம்?

2016 டிசம்பர் 12 வர்தா புயலை நினைத்துப் பாருங்கள். சென்னையில் பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் அதே கதை. மோட்டார் நின்றால் சில மணி நேரத்திலேயே தண்ணீரில் ஆக்சிஜன் குறையத் தொடங்கும். அப்போது காப்பாற்றுவது பல்லாயிரம் ரூபாய் விளக்கு இல்லை, சில நூறு ரூபாய் பேட்டரி ஏர் பம்ப். அது எத்தனை வீட்டில் இருக்கிறது? அப்கிரேட் என்றால் அதுதான் முதல் அப்கிரேடாக இருக்க வேண்டும். ஆனால் அதைப் போட்டோ எடுத்துக் காட்ட முடியாதே.

எங்கிருந்து வருகிறது இதெல்லாம்?

செத்த மீனுக்குப் பதில் இன்னொன்று வாங்கிவிடலாம் என்பதுதான் இந்த அலட்சியத்தின் அடிப்படை. அந்த இன்னொன்று எங்கிருந்து வருகிறது?

கடல் தொட்டி மீன்களில் பெரும்பாலான இனங்கள் இன்னமும் கடலில் பிடிக்கப்பட்டு வருபவை. பிலிப்பைன்ஸ் பக்கம் 1960-களிலிருந்து சயனைடு தெளித்து மீனை மயங்க வைத்துப் பிடித்திருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் பவளமும் அதில் சாகும். இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளில் மட்டும் இயற்கையாக வாழும் பாங்காய் கார்டினல் மீன், தொட்டி வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே 2007-ல் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் ஏறியது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆயின. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப் பாறையை வெட்டியதும் ஒரு காரணமாக இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2016 கோடையில் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்துச் செத்தன. பாறை கட்டும் பவளங்களையும் கடல் விசிறியையும் கடற்குதிரையையும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை! மீறினால் மூன்றிலிருந்து ஏழு வருடம் ஜெயில். "லைவ் ராக் கிலோ என்ன விலை?" என்று கூசாமல் கேட்பவர்கள், அது பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடு என்பதை யோசித்தார்களா?

வழி இல்லாமல் இல்லை. சிமெண்டிலும் பீங்கானிலும் செய்த பாறை கிடைக்கிறது, பாக்டீரியாவுக்கு அதுவே போதும். மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். பண்ணை மீனா, கடலில் பிடித்ததா என்று கடையில் ஒரு கேள்வி கேட்பதற்குக் காசா பணமா? நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோமாளி மீன் இருபது வருடம் கூட இருக்கும். ஒரு பி.காம். மாணவரின் வயது அது. அதை ஆறு மாதத்தில் கொன்றுவிட்டு "எனக்கு எட்டு வருஷ அனுபவம்" என்று சொல்வதில் என்ன பெருமை?

1961-ல் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் வீட்டில் பவளம் வளர்ப்பது பற்றிப் பத்திரிகையில் எழுதினார். அவரிடம் சில்லர் இல்லை, ஸ்கிம்மர் இல்லை, எல்.ஈ.டி. இல்லை. உயிருள்ள பாறை, காற்றுக் குமிழி, வெயில், பக்கத்திலேயே நல்ல கடல் தண்ணீர். அதோடு தினமும் உட்கார்ந்து பார்க்கும் பொறுமை. கடைகள் விற்காத சரக்கு அந்தக் கடைசி ஒன்றுதான்.

நாலடித் தொட்டி வாங்க ஆசையா? தாராளமாக வாங்கலாம். அதற்கு முன் இரண்டடித் தொட்டியில் ஒரு வருடம், 52 வாரம், ஒரு வாரம் விடாமல் தண்ணீர் மாற்றி, எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஒரு மீனையும் சாகவிடாமல் காட்டட்டும். அந்த நோட்டுதான் தகுதிச் சான்றிதழ். நோட்டு இல்லாதவருக்குத் தேவை புதுத் தொட்டி இல்லை, ஒரு பக்கெட்.